கோவையா? திருப்பூரா?

ஜூன் பிறந்து டி.என்.பி.எல். ஆட்டங்கள் தொடங்கிவிட்டால், எங்கள் மங்கலம் பேக்கரியில் என்னை மடக்குவதற்கென்றே மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள். (வெளியூர் நண்பர்களுக்காக: கொங்கு நாட்டில் டீக்கடைக்குப் பேக்கரி என்று பெயர்.) இரண்டு பேர் என்னைப்போல் பென்ஷன்காரர்கள். மூன்றாமவர் நாற்பது வருடம் தறி ஓட்டியவர். தறிச் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டதால் சத்தமாகத்தான் பேசுவார்.

"ஏனுங்க, இந்த வருசமாச்சும் ஒரு முடிவுக்கு வந்தீங்களா? நீங்க கோயமுத்தூர் டீமுங்களா, திருப்பூர் டீமுங்களா?"

"ரெண்டுந்தாங்க."

"அதெப்படிங்க? ரெண்டு பேரும் மோதிக்கிட்டா யாருக்குங்க கை தட்டுவீங்க?"

நன்றாக ஆடுகிறவனுக்கு என்று சொல்லிப் பார்த்தேன். நழுவுகிறார் என்று மூவரும் ஒரே குரலில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். உண்மையான பதில் கொஞ்சம் நீளம். சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

தமிழ்நாடு பிரீமியர் லீக் 2016-ல் ஆரம்பமானது. எட்டு அணிகள். அதில் நம் பக்கத்துக்கு இரண்டு. லைக்கா கோவை கிங்ஸ் முதல் ஆண்டிலிருந்தே உண்டு. ஐட்ரீம் திருப்பூர் தமிழன்ஸ் கதை வேறு. காரைக்குடி காளை என்ற பெயரில் ஆடிக்கொண்டிருந்த அணி அது. 2021 சீசனில்தான் திருப்பூர் என்ற பெயரோடு களம் இறங்கியது. இதைச் சொல்லி 'இரவல் டீம்' என்று கேலி செய்கிற கோவை நண்பர்கள் எனக்கு உண்டு.

எனக்கோ அந்த அணியிடம் முதலில் பிடித்ததே அதுதான். திருப்பூரில் யார் ஐயா பூர்வீகக்காரர்? தேனி, மதுரை, தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்தவர்கள் ஒரு காலம். இப்போது பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் மூட்டையோடு ரயிலைவிட்டு இறங்குகிறார்கள். செக்கிங்கோ, ஓவர்லாக்கோ, கட்டிங்கோ ஏதோ ஒன்றைக் கற்றுக்கொண்டு, லைன் வீட்டில் ஒரு ரூம் பிடித்து, ஐந்தாம் வருடம் 'எங்க திருப்பூர்' என்பார்கள். காரைக்குடியிலிருந்து பிழைக்க வந்த காளையும் அப்படித்தானே? நானே பாண்டிச்சேரியிலிருந்து வந்தவன். வந்தவனை வந்தவன் கேலி செய்யக்கூடாது.

நான் வந்தது 1974-ல். வயது 23. பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு, கோயமுத்தூரில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கீழ்நிலை எழுத்தராகச் சேர்ந்தேன். ஆபீசில் எல்லாம் ஆங்கிலம். என் ஆங்கில ஸ்பெல்லிங் பாதி பிரெஞ்சில் இருக்கும். ஹெட் கிளார்க் சிவப்பு மையால் சுழித்துச் சுழித்துத் திருத்துவார். இதைவிடப் பெரிய சங்கடம் கிரிக்கெட். பாண்டிச்சேரியில் எங்களுக்குத் தெரிந்தது ஃபுட்பால். கடற்கரைப் பக்கம் பெரியவர்கள் இரும்புக் குண்டு உருட்டி ஆடும் பெத்தாங் தெரியும். கிரிக்கெட்டில் ஓவர் என்றால் ஆறு பந்து என்பதுகூட எனக்குக் கோவையில் வைத்துத்தான் விளங்கியது.

சேர்ந்த சில மாதங்களிலேயே, 1975 ஜனவரியில், சேப்பாக்கத்தில் வெஸ்ட் இண்டீஸ் டெஸ்ட். ஆபீசில் ஒருவர் டிராயருக்குள் டிரான்சிஸ்டரை வைத்து, டிராயரை ஒரு விரற்கடை மட்டும் திறந்து வைத்திருப்பார். ஆண்டி ராபர்ட்ஸ் ஒருபக்கம் விக்கெட்டுகளைச் சாய்க்க, குண்டப்பா விஸ்வநாத் 97 ரன் எடுத்து அவுட்டாகாமல் நின்றார். மூன்று ரன்னில் சதம் போச்சே என்று சக ஊழியர்கள் வருந்தியபோது, எனக்கும் தொண்டையை அடைத்தது. ஏன் என்று அப்போது தெரியவில்லை. அன்றைக்கே நான் கிரிக்கெட் ரசிகனாகிவிட்டேன் என்று நினைக்கிறேன். அந்த டிராயரும் கோவையும் சேர்ந்தேதான் மனதில் இருக்கின்றன.

பிறகு திருப்பூருக்கு மாற்றல். கல்யாணம், குழந்தைகள், மங்கலத்தில் கொஞ்சம் இடம், ஒரு வீடு. மங்கலத்தைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கிழக்கே போனால் திருப்பூர். மேற்கே போனால் சோமனூர், அதைத் தாண்டிக் கோவை. ஊர் நொய்யல் கரையில் இருக்கிறது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையைச் சுற்றி வந்து, எங்களைக் கடந்துதான் அந்த ஆறு திருப்பூருக்குள் நுழைகிறது. கோவை என்ன கழித்துவிட்டாலும் முதலில் எங்களுக்கு. திருப்பூர் சாயம் எங்களுக்குக் கீழே. அந்தச் சண்டை பெரிய சண்டை, கோர்ட் வரை போய் 2011-ல் சாயப்பட்டறைகளை எல்லாம் மூடவைத்த சண்டை. அதை இங்கே இழுக்க வேண்டாம்.

2009-ல் திருப்பூர் தனி மாவட்டம் ஆனது. அதுவரை நாங்கள் கோவை மாவட்டம். ஒரு காலையில் எழுந்தபோது வேறு மாவட்டம். எழுத்தர் வேலை பார்த்தவனுக்கு இதன் அர்த்தம் நன்றாகத் தெரியும். புது ரப்பர் ஸ்டாம்ப் வரும்வரை 'கோயம்புத்தூர்' என்பதைப் பேனாவால் அடித்துவிட்டு மேலே 'திருப்பூர்' என்று எழுத வேண்டும். எத்தனை நூறு தாளில் அப்படி அடித்திருப்பேன்! கை அடித்ததே தவிர, மனசு அடிக்கவில்லை. என் கல்யாணப் பத்திரிகையிலும், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழிலும், வீட்டுப் பத்திரத்திலும் கோவை மாவட்டம்தான். என் வாக்காளர் அட்டையில் திருப்பூர் மாவட்டம்.

இனி மைதானத்துக்கு வருகிறேன்.

கோவையில் ஆட்டங்கள் நடப்பது அவிநாசி ரோட்டில், நவ இந்தியா பக்கம், ஸ்ரீ ராமகிருஷ்ணா கலை அறிவியல் கல்லூரி மைதானத்தில். எஸ்.என்.ஆர். கிரவுண்ட் என்றால் கண்டக்டருக்கே தெரியும். 2022-லிருந்து டி.என்.பி.எல். அங்கே வருகிறது. சேப்பாக்கம் மாதிரி பெரிய கட்டடத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். அது கல்லூரி மைதானம். ஆனால் அதில்தான் சுகம். ஆட்டக்காரன் எல்லைக்கோட்டு அருகே நின்றால் அவன் முகத்து வியர்வை தெரியும். கேட்சை விட்டவனைப் பவுலர் என்ன சொல்லித் திட்டினான் என்பதும் கேட்கும். (சிலவற்றை எழுத முடியாது.)

இன்னொன்று, காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி ஆடியில் வருகிற காற்றை நம் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மங்கலத்தில் மொட்டைமாடித் துணியை அடித்துக்கொண்டு போகிற அதே காற்றுதான் அந்த மைதானத்தில் பந்தோடும் விளையாடும். உயரப் போன பந்து எங்கே இறங்கும் என்று ஃபீல்டர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு தள்ளாடுவதைப் பார்க்க டிக்கெட் காசு தகும். மஃப்ளர் கட்டாமல் போகாதீர்கள். இளவட்டங்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

2022 இறுதி ஆட்டம் அங்கேதான், ஜூலை 31. கோவை கிங்ஸும் சேப்பாக்கம் சூப்பர் கில்லீஸும். மழை வந்து ஆட்டத்தைக் கெடுத்தது. கடைசியில் கோப்பை இரண்டு அணிக்கும் என்று அறிவித்துவிட்டார்கள். கேலரியில் என்னைச் சுற்றி ஒரே முணுமுணுப்பு. "இதென்னங்க இது, பொங்கச் சோத்தைப் பங்கு போட்ட மாதிரி" என்றார் ஒருவர். நான் கைதட்டினேன். எனக்கு அது நல்ல முடிவாகத்தான் பட்டது.

2024 பிப்ரவரியில் அதே மைதானத்தில் ரஞ்சி கால் இறுதி. சாய் கிஷோர் தலைமையில் தமிழ்நாடு, சௌராஷ்டிராவை மூன்றாம் நாளே இன்னிங்ஸ் வித்தியாசத்தில் தோற்கடித்தது. ஒன்பது விக்கெட்டும் 60 ரன்னும் அவருடையவை. டி.என்.பி.எல்.லில் அவர் அந்த வருடம் திருப்பூர் அணிக்காரர். ஏலத்தில் 22 லட்சத்துக்கு எடுத்திருந்தார்கள்.

சரி, திருப்பூர் அணியின் மைதானம் எங்கே? அங்கேதான் என் வருத்தம். இல்லை. 2025 முடிய டி.என்.பி.எல். ஆட்டம் ஒன்றுகூடத் திருப்பூரில் நடக்கவில்லை. கோவை, சேலம், திண்டுக்கல், திருநெல்வேலி, சென்னை என்று எங்கெங்கோ போய் ஆடிவிட்டு வருகிறார்கள். உலகத்துக்கே டீ-ஷர்ட் தைத்துக் கொடுக்கிற ஊருக்குத் தன் டீமைத் தன் ஊரில் உட்கார்ந்து பார்க்கக் கொடுப்பினை இல்லை. சம்பளம் சனிக்கிழமை வாங்குகிற ஊர் இது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் ஒன்று இங்கே நடந்தால் கூட்டம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்! பொறந்த வீடு இல்லாத பெண்ணுக்குப் புகுந்த வீட்டில் ஒரு சொல் வந்தால் எங்கே போவாள்? திருப்பூர் அணி தோற்கிறபோது எனக்குக் கொஞ்சம் கூடுதலாக வலிப்பதற்குக் காரணம் இதுதான்.

இரண்டு அணியும் மோதி நான் நேரில் பார்த்தது 2023 ஜூன் 12, அந்த ஆண்டின் முதல் ஆட்டம். கோவை மைதானம். பேக்கரி நண்பர்களில் இருவரும் நானும் சோமனூர் வழியாகப் பஸ் பிடித்துப் போனோம். மேம்பால வேலையில் அவிநாசி ரோடு முழுக்கத் தூண்கள். பீளமேடு தாண்டுவதற்குள் டாஸ் முடிந்திருக்கும் என்று பயம். சாய் சுதர்சன் கோவைக்காக 86 ரன். பந்தை அடித்த மாதிரியே இல்லை, தட்டிக் கொடுத்த மாதிரி இருந்தது. நான் எழுந்து நின்று கைதட்டினேன். பக்கத்து நண்பர் முறைத்தார். திருப்பூர் 109 ரன்னில் சுருண்டது. 70 ரன் தோல்வி. எட்டாவது விக்கெட், ஒன்பதாவது விக்கெட் என்று போகப்போக, கடைசி ஆட்டக்காரன் ஒரு பவுண்டரியாவது அடிக்கமாட்டானா என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். "உங்களுக்கு என்னதாங்க வேணும்?" என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. நல்ல சண்டை வேண்டும் எனக்கு. ஒரு பக்கம் முழுக்க விழுந்துவிட்டால் பார்க்கப் பிடிக்காது. அந்த வருடம் கோப்பையும் கோவைக்குத்தான், திருநெல்வேலியில் நெல்லை ராயல் கிங்ஸை 104 ரன்னில் வென்று.

2024-ல் பிளே ஆஃபில் மறுபடி மோதினார்கள். வீட்டில் டிவி. மகன் வீட்டுப் பேத்தி மங்கலத்தில் எங்களோடு இருப்பவள், திருப்பூர்க் கட்சி. மகள் வீட்டுப் பேரன் கோவையில் இருப்பவன், கோவைக் கட்சி. அவன் வாட்ஸப் வீடியோவில் வந்துவிட்டான். சாய் சுதர்சன் 123 அடித்து அவுட்டாகாமல் முடித்தார். "அப்புச்சி, பாத்தீங்களா!" என்று போனில் அவன் குதிக்கிறான். இங்கே "தாத்தா, டிவியை ஆஃப் பண்ணுங்க" என்று இவள் அழுகிறாள். (மகளைக் கட்டிக்கொடுத்தது கொங்குக் குடும்பத்தில். அதனால் அந்தப் பக்கம் நான் அப்புச்சி.) நான் போனையும் அணைக்கவில்லை, டிவியையும் அணைக்கவில்லை. இறுதி ஆட்டத்தில் கோவையைத் திண்டுக்கல் வென்றபோது அதே பேத்தி, "பாவம் தாத்தா, அவன்" என்றாள்.

இனி, பேக்கரியில் நான் சொல்லாத பகுதி.

பாண்டிச்சேரி 1954 நவம்பரிலேயே இந்திய நிர்வாகத்துக்கு வந்துவிட்டாலும், சட்டப்படி சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16. அன்றிலிருந்து ஆறு மாதம் கெடு. பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்க விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதாதவர்கள் இந்தியர். எங்கள் வீட்டில் அப்பாவும் சித்தப்பாவும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து, ஒரே சொம்பில் தண்ணீர் குடித்தவர்கள். சித்தப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். இந்தோசீனாவுக்கும் அல்ஜீரியாவுக்கும் போய் வந்தவர். அவர் எழுதிக் கொடுத்தார். அப்பா எழுதிக் கொடுக்கவில்லை.

எனக்கு அப்போது பதினொரு வயது. ஒருவருக்கொருவர் உரக்கப் பேசியதாக நினைவில்லை. ஆனால் திண்ணையில் ஒருவர் இருந்தால் மற்றவர் இருக்கமாட்டார். ஒரு கையெழுத்தில் அண்ணன் தம்பி வேறு வேறு நாட்டுக்காரர்கள். சித்தப்பா குடும்பத்தோடு கப்பலேறி லியோன் நகரத்துக்குப் போனார். கடிதம் வரும், என் பெயருக்கு. அப்பா வாங்கிப் பார்க்கமாட்டார். நான் உரக்கப் படித்தால் மட்டும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பார். நாட்டைப் பற்றி எழுதினால் அண்ணன் மனம் நோகும் என்பதால் சித்தப்பா ஃபுட்பாலைப் பற்றியே எழுதுவார்.

அப்படித்தான் லியோனும் சேந்த் எத்தியேனும் எனக்கு அறிமுகம். இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 60 கிலோமீட்டர். நம் கோவை திருப்பூர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பொருத்தம் அதோடு நிற்கவில்லை. லியோன் பட்டு நெசவுக்குப் பேர்போன பெரிய நகரம். சேந்த் எத்தியேன் நிலக்கரிச் சுரங்கமும் ரிப்பன் நெசவுமாக உழைத்த ஊர். அவர்கள் துரைமார், நாங்கள் தொழிலாளி என்பது அந்த ஊர்க்காரர்களின் பேச்சு. அவர்களுடைய மைதானத்துக்குச் செல்லப் பெயர் 'கொப்பரை'. எதிரணி அதில் விழுந்து வெந்துபோகுமாம். 1976 மே 12-ல் கிளாஸ்கோவில் ஐரோப்பியக் கோப்பை இறுதியில் பயர்ன் மூனிக்கிடம் 1-0 என்று தோற்றார்கள். சேந்த் எத்தியேன் அடித்த பந்து இரண்டு முறை கோல் கம்பத்தின் குறுக்குச் சட்டத்தில் பட்டுத் திரும்பியது. கம்பம் சதுரமாக இல்லாமல் உருண்டையாக இருந்திருந்தால் உள்ளே போயிருக்கும் என்று இன்றைக்கும் அங்கே வருந்துகிறார்கள். 2013-ல் அந்தக் கம்பங்களையே விலைக்கு வாங்கிவந்து தங்கள் மியூசியத்தில் வைத்துக்கொண்டார்கள். தோற்றதை இப்படிப் பாதுகாக்கிறவர்களை எனக்குப் பிடிக்கும்.

அந்த ஆட்டத்தைப் பற்றிச் சித்தப்பா நான்கு பக்கம் எழுதியிருந்தார். லியோனில் குடியிருந்துகொண்டு சேந்த் எத்தியேனுக்காக அழுதேன், பக்கத்து வீட்டில் சொல்லிவிடாதே என்று. அப்பா அன்றைக்குத்தான் சிரித்தார். "பாரு, உங்க சித்தப்பனுக்கு ஒண்ணை மட்டும் வெச்சுக்கத் தெரியல" என்றார். பதினான்கு வருடம் கழித்துத் தம்பியைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. அடுத்த கடிதத்தில் என் கையெழுத்துக்குக் கீழே அப்பா இரண்டு வரி எழுதினார். சேமநல விசாரிப்புதான், வேறொன்றும் இல்லை. ஆனாலும் எழுதினார்.

இதை எல்லாம் பேக்கரியில் எப்படிச் சொல்வது? எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் ஒன்றைத்தான் எழுத முடிந்தது. யார் குற்றமும் இல்லை, படிவம் அப்படி. விளையாட்டில் அப்படிப் படிவம் ஒன்றும் கிடையாதே. யாரும் கெடு வைக்கவில்லையே. பிறகு நான் ஏன் ஒன்றை அடித்துவிட்டு மற்றொன்றை எழுத வேண்டும்?

2025 திருப்பூரின் வருடம். சாய் கிஷோர் கேப்டன். ஜூன் 8 ஞாயிறு, கோவை மைதானத்தில் திண்டுக்கல்லை 93 ரன்னில் சுருட்டி ஒன்பது விக்கெட்டில் வென்றார்கள். அஸ்வின் எல்.பி.டபிள்யூ. கொடுக்கப்பட்டு நடுவரோடு வாக்குவாதம் செய்ததும், அதற்கு ஆட்டச் சம்பளத்தில் 30 சதவீதம் அபராதம் கட்டியதும் அந்த ஆட்டத்தில்தான். ஜூலை 6 இறுதி ஆட்டம் திண்டுக்கல்லிலேயே. திருப்பூர் 220, துஷார் ரஹேஜா 77. திண்டுக்கல் 102. 118 ரன் வெற்றி. முதல் கோப்பை. அன்றிரவு மங்கலத்தில் பட்டாசு வெடித்தது. நாலு ரோட்டில் நின்று வெடித்த பையன்களில் பாதிப் பேர் இந்தி பேசினார்கள்.

கோவைக்கு அது நல்ல வருடம் இல்லை. பிளே ஆஃப்புக்கே போகவில்லை. சாய் சுதர்சன் இங்கிலாந்தில் இருந்தார். ஜூன் 20-ல் லீட்ஸில் அவருக்கு முதல் டெஸ்ட்.

சித்தப்பா போய்ப் பல வருடம் ஆகிறது. அவர் மகன், என் தம்பி, இன்னும் லியோனில்தான் இருக்கிறான். கோப்பை படத்தை அவனுக்கு அனுப்பினேன். கிரிக்கெட் அவனுக்குத் தெரியாது. ஆனாலும் பிரெஞ்சில் வாழ்த்து அனுப்பிவிட்டு, "அண்ணே, மற்ற டீம் என்ன ஆச்சு?" என்று தமிழில் குரல் பதிவு ஒன்று அனுப்பினான். கோவை ஏழாவதா எட்டாவதா என்று பேரனிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று பதில் போட்டேன். பேரன் போனை எடுக்கவில்லை. கோபம் தணிய நாலு நாள் ஆனது.